காக்காவெத்

"சிரிக்காதீங்க! இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?"

மேடம் கையிலிருந்த மார்க்கரால் மேஜையில் ஓங்கித் தட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல மேடம்... காக்காவெத்... காக்கான்னு வந்ததும் சிரிப்பு வந்துடுச்சு."

"பிரெஞ்சுல வேர்க்கடலைக்கு அதுதான் பேரு. காக்கா குருவின்னு சிரிச்சிட்டிருந்தா அங்க காரியம் ஆகாது. 'ஸான்'னா இல்லாம. ஸான் காக்காவெத். கடலை இல்லாம. எங்க, சொல்லுங்க."

அது மேடத்தின் வீட்டு முன்னறை. மாலையில் பிரெஞ்சு படிக்க வருகிறவர்களுக்கான நாற்காலிகள் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. பலகையில் நேற்றைய பாடம் பாதி அழிந்து கிடந்தது. இன்று வந்திருந்தது இவள் ஒருத்திதான். சாயங்கால விமானத்தில் கணவனோடும் எட்டு வயதுப் பெண்ணோடும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவள். அந்தப் பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

"அவெக் காக்காவெத்" என்றாள் வந்தவள்.

"ஐயோ! 'அவெக்'னா சேர்த்து! கடலை சேர்த்துக் குடுன்னு கேக்கறீங்க. ஹோட்டல்ல பரிமாறறவன் ரெண்டு கை நிறைய அள்ளிப் போட்டுக் கொண்டுவருவான்."

"மன்னிச்சுக்குங்க மேடம். ரெண்டும் குழம்புது."

"குழம்பும். கிளம்புற அன்னைக்கு உட்கார்ந்து படிச்சா குழம்பாம என்ன செய்யும்?"

"அவர்தான் சொன்னார், போன்லயே எல்லாத்தையும் மொழிபெயர்த்துக்கலாம்னு..."

"சொல்லுவார். போன்ல சார்ஜ் தீர்ந்தா? ஆம்பளைங்களுக்கு என்ன, மெனு கார்டு கைக்கு வந்ததும் தனக்கு என்னன்னு தேடத்தான் தெரியும்."

வந்தவள் பேச்சை மாற்றுகிறவள் போல மெதுவாகக் கேட்டாள்: "மேடம், உள்ள நுழைஞ்சதும் மூணு பேருக்கு ஒரு மேஜைன்னு கேக்கணுமே, அது எப்படி?"

"அதெல்லாம் நான் சொல்லித்தர மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"மேஜை கிடைக்கலைன்னா நின்னுட்டே சாப்பிடுங்க! யாரும் செத்துப்போயிட மாட்டீங்க." மார்க்கரை மேஜையில் விட்டெறிந்தாள் மேடம். அது உருண்டு கீழே விழுந்தது. வந்தவளே குனிந்து எடுத்து வைத்தாள்.

"முழு வாக்கியம் சொல்லுங்க. 'எல் எ தலெர்ஜிக் ஓ காக்காவெத்.' அவளுக்குக் கடலை ஆகாது."

"எல் எ... தலெர்ஜிக்... ஓ காக்காவெத், ஸில் வூ ப்ளே."

"எதுக்கு 'ஸில் வூ ப்ளே'? உயிர் போற விஷயத்துல என்ன 'தயவுசெய்து'? அதைத் தண்ணி கேக்கும்போது வெச்சுக்குங்க. இப்படி ஈனஸ்வரத்துல முனகினா அவன் தலையை ஆட்டிட்டுப் போயிடுவான். கடலை முழுசா மிதந்து வந்தா குழந்தையே ஒதுக்கிடுவா. அரைச்சுக் கலந்திருந்தா? உதடு வீங்கி, மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் வருமே... நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன்."

"ஊசி வெச்சிருக்கேன் மேடம்."

"எங்க?"

"பெட்டியில..."

"பெட்டி விமானத்தோட வயித்துல இருக்கும், ஊசி அங்க இருந்து பறந்து வருமா? கைப்பையில வைக்கணும்னு கூடவா ஒருத்தர் சொல்லணும்? இவ்வளவுதானா உங்க பொறுப்பு?"

கீழே தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"அவர்தான். நேரமாச்சு மேடம்."

"அடிக்கட்டும். திரும்பச் சொல்லுங்க."

வந்தவள் எழுந்துவிட்டாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"போதும் மேடம்! வந்ததுலேர்ந்து வாய்க்கு வந்தபடி ஏசறீங்க. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன். நான் என்ன, குழந்தைக்கு விஷமா வைக்கப் போறேன்? எனக்கு அக்கறை இல்லைன்னா இங்க வந்து உங்ககிட்ட இவ்வளவு பேச்சுக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேனா? சொல்லணும், அவ்வளவுதானே? எல் எ தலெர்ஜிக் ஓ காக்காவெத்! ஸான் காக்காவெத்! ஸான்! போதுமா?"

ஒரு பிசகு இல்லை.

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அன்று முதன்முறையாகக் குரல் தணிந்து சொன்னாள்: "இப்படித்தான். இதே கோபத்தோட சொல்லுங்க. அப்பத்தான் அவன் சமையல்கட்டுக்குள்ள ஓடிப்போய்க் கேட்டுட்டு வருவான்."

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். மேடம் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"மேடம், விமானம் போயிடும்..."

"ஒரு தடவை. எனக்காக."

பிடி இறுகியதே தவிர விடவில்லை. அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்த சிறுமி, நேராக மேடத்திடம் ஓடி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, சித்தி கையை விடும்மா! கீழ அப்பா எவ்வளவு நேரமா கூப்பிடறார்."