முதலில் செய்தவர்

சியோலில் டாக்டர் குக்கின் அழகு அறுவை சிகிச்சை கிளினிக். எதிரே இருந்த சுக்ஜாவின் மேல் இமைகள் இரண்டும் குழிவிழுந்திருந்தன.

"என் மீன் கடைக்கு வர்றவங்கல்லாம் உடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க டாக்டர். மூணு இடத்துல காட்டிட்டேன். வயசாயிடுச்சுன்னுட்டாங்க."

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். மெல்லிய பழைய தழும்பு தெரிந்தது.

"வயசு இல்லீங்க. முன்னாடி கண்ணு பெருசாத் தெரிய ஆபரேஷன் பண்ணி இமைக்கு மடிப்பு வச்சப்போ, உள்ளே இருந்த கொழுப்பை ரொம்ப எடுத்துட்டாங்க. தொடையிலேருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பினா சரியாயிடும்."

"அப்போ, முதல்ல செஞ்சவர் மேலதான் தப்பா?"

"சந்தேகமே இல்லை. யார் அந்த ஆளு?"

"நீங்கதான். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, பூசான்ல இருந்த உங்க பழைய கிளினிக்ல."

டாக்டருக்கு முகம் வெளிறியது. "வந்ததுமே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்களும் வயசுன்னுதான் சொல்லியிருப்பீங்க."

அவர் எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க. வேற நல்ல டாக்டரா நானே சொல்றேன்."

"எதுக்கு? தப்பைத் தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஆபரேஷனுக்கு நாள் குறிங்க."

நிமிர்ந்த டாக்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சுக்ஜா சிரித்தாள்.

"இந்தத் தடவை எடுக்காதீங்க, வைங்க!"