முந்திப் போன சத்தம்

மகன் எட்வின் அருவியில் விழுந்து இறந்து ஒரு மாதம் கழித்து, அவன் நண்பர்கள் அன்று எடுத்து இணையத்தில் போட்டிருந்த வீடியோவைப் பார்க்கும் தைரியம் ஸ்டெல்லாவுக்கு வந்தது. அவனுடைய பழைய கணினிக்கு லினக்ஸ் போட்டு உயிர்கொடுத்த பக்கத்து வீட்டு ஞானமுத்துதான் ஓடவிட்டார். சத்தம் முந்திப் போக, படம் திணறித் திணறிப் பின்னால் வந்தது. "ஐயோ, எட்வின்!" என்று நண்பர்கள் அலறினார்கள். படத்தில் எட்வின் இன்னும் பாறைமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா திரையை நெருங்கினாள்.

"எந்திரிக்காத மக்கா. அப்படியே இரி."

ஞானமுத்து தொண்டையைச் செருமினார். "குவாலிட்டியக் கொஞ்சம் கொறச்சா சத்தமும் படமும் ஒண்ணாப் போவும்மா."

எட்வின் பாறையில் கையூன்றினான். மௌஸின் மேலிருந்த ஞானமுத்துவின் கையை அவள் இறுகப் பிடித்தாள்.

"தொடாதீங்கண்ணே. அவன் இன்னும் விழல்ல."