பின்பக்க நம்பர்

"அக்கா, தப்பான பக்கம் திருப்பச் சொல்றீங்க. திருடன் டவுன் பக்கத்துலேர்ந்துதானே வருவான்?"

காம்பவுண்டுச் சுவரில் கேமராவைப் பிடித்தபடி கேட்டான் யதீஷ். பண்ட்வாள் ஊரில் பாதி வீடுகளுக்குக் கேமரா மாட்டியவன் அவன்.

தெருவில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அது கடந்துபோய்ச் சத்தம் ஓயும்வரை ஜலஜாக்ஷி கேட்டின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டவுன் பக்கம் நாள் முழுக்க வண்டி வருது தம்பி. ஆத்துப் பக்கம் நாலு வண்டிதான் போகும். தேடறது சுலபம். போற வண்டியோட பின்பக்க நம்பர் விழுந்தாப் போதும்."

"உங்க இஷ்டம். ஆனா உசரத்துல மாட்டினா வண்டிக் கூரைதான் தெரியும்." இடுப்பளவு உயரத்தில் பென்சிலால் கோடு போட்டான். "இன்னொண்ணு. நம்பரைக் கிட்ட இழுக்கிற லென்ஸ் போட்டா மத்தது எதுவும் தெரியாது. ஆள் மூஞ்சி விழாது. பரவாயில்லையா?"

"மூஞ்சி எனக்குத் தெரியும்."

யதீஷ் சிரித்தான். "அடேங்கப்பா! அப்ப திருடன் சொந்தக்காரனா?"

அவள் சிரிக்கவில்லை. புனர்புளிப் பழச் சர்பத் டம்ளரை நீட்டினாள்.

பொருத்தி முடித்து, தன் ஆம்னி வேனை ஓட்டிக் காட்டினான். நம்பர் தெளிவாக விழுந்தது.

"இன்னும் வேகமாப் போ. அவங்க இப்படி மெதுவாப் போக மாட்டாங்க."

வேகமாகப் போனதில் எட்டும் மூன்றும் ஒன்றாகக் கலங்கின. ஷட்டர் வேகத்தைக் கூட்டினான். மறுபடி ஓட்டினான். மறுபடி கலங்கல். கேமராவை ஒரு விரற்கடை திருப்பினான். நான்காவது முறை எல்லா எழுத்தும் எண்ணும் பளிச்சென்று நின்றன.

"இருட்டுல?"

"இருட்டுலயும் நம்பர் மட்டும் வெள்ளையா மின்னும். கவலைப்படாதீங்க."

அவள் முதல்முறையாக மூச்சை நிதானமாக விட்டாள்.

"படத்தை வீட்டுல இருக்கிற ரெக்கார்டிங் பெட்டியில வெக்காதே. எடுத்துட்டுப் போயிருவாங்க. ஹூப்ளியில இருக்கிற என் அண்ணன் போனுக்கு உடனே போகணும்."

"போகும். உங்க போன்லயும் போட்டுத் தர்றேன், குடுங்க."

"எனக்கு வேண்டாம்."

யதீஷ் எரிச்சலாகிவிட்டான். "என்னக்கா இது? இவ்ளோ பயப்படறீங்க, தனியா இருக்கறதும் நீங்க. எவனாவது வந்தா முதல்ல நீங்கதானே பார்க்கணும்?"

தெருவில் மறுபடி ஏதோ வண்டிச் சத்தம். ஜலஜாக்ஷி குரலைத் தாழ்த்தினாள்.

"திங்கட்கிழமை கோர்ட்ல மணல் லாரிக்காரங்களுக்கு எதிரா நான்தான் சாட்சி. அதுக்குள்ள வந்துருவாங்க. அந்த வண்டி போறப்ப நான் எப்படித் தம்பி பார்ப்பேன்? வண்டிக்குள்ள இருக்கறதே நான்தானே!"