தைல பாட்டில்

கழிவறைக் கதவைத் தாழிட்டதும் ஷப்ரில் வாய்விட்டுச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்த தைல பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் இருந்தது தைலம் அல்ல, அவருடைய மனைவி நுர்பாய்த்தியின் சிறுநீர்.

சுகாதார நிலையத்தில் கொடுத்த குப்பியில் அதை ஊற்றினார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. சோப்பு போட்ட பாட்டிலை ஒழுங்காக அலசக்கூடத் தெரியவில்லை இவளுக்கு என்று முணுமுணுத்தபடி மூடியைத் திருகினார்.

பதினான்கு வருடம் ஹஜ் வரிசையில் காத்திருந்து, இந்த வருடம்தான் இருவருக்கும் முறை வந்திருக்கிறது. குறுக்கே வந்து நின்றவள் டாக்டர் யுல்மி. புக்கிட்டிங்கி நகரத்து மேல் சந்தையில் நாற்பது வருடம் துணி விற்றவருக்கு, நேற்றுப் படிப்பு முடித்த பெண் பாடம் எடுத்தாள். சிகரெட் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறதாம். கொழுப்பு அதிலேயே படிந்து அடைக்கிறதாம். தேங்காய்ப்பால் வடிகட்டும் துணி நைந்துபோவது போல, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறதாம். சிகரெட்டை விட்டாரா இல்லையா என்பதும் சிறுநீரிலேயே தெரிந்துவிடுமாம். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் பயணச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

"தேங்காய்ப்பால் வடிகட்டவா நான் மக்காவுக்குப் போறேன்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டுச் சிரித்த வேகத்திலேயே ஒரு கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்தார். அவருடைய தாத்தா நாளைக்கு இரண்டு பெட்டி ஊதியே தொண்ணூறைத் தொட்டவராயிற்றே.

ரத்தப் பரிசோதனைக்கு வேறு ஆளின் ரத்தத்தைக் கொடுக்கத்தான் வழியில்லை. அதனால் போனால் போகிறதென்று மாத்திரையை விழுங்கி, கொழுப்பு மிதக்கும் மாட்டுக்கறிக் குழம்பைக்கூடப் பத்து நாள் தள்ளிவைத்தார். சிகரெட்டை விடுவதாவது! பிறகு பெண்டாட்டி எதற்கு இருக்கிறாள்? முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை, சோறும் அவித்த மரவள்ளி இலையும்தான் அவள் சாப்பாடு. அவளுக்குப் பரிசோதனை அடுத்த வாரம். அவளிடம் பார்க்க என்ன இருக்கிறது?

காலையில் பாட்டிலை நீட்டியபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பொய் சொல்லிட்டுப் போற ஊரா அது?"

"அங்க போய் மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ முதல்ல ரொப்பு."

வருகிற வழியெல்லாம் செருப்பு கடிக்கிறது என்று வேறு நச்சரிப்பு. பயணத்துக்கென்று போன மாதம்தான் வாங்கிய செருப்பு, அதற்குள் கால் நுழையவில்லையாம். உட்கார்ந்து உட்கார்ந்தே காலை உரலாக வளர்த்து வைத்திருக்கிறாய் என்று நடுத்தெருவில் வைத்து நாலு பேர் கேட்கச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் யுல்மி அவரை மட்டும் உள்ளே அழைத்தாள். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் ஐயா. நெசமாவே சிகரெட்டை விட்டுட்டீங்க."

ஷப்ரில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தப் படிப்பாளியை ஏமாற்ற ஒரு தைல பாட்டில் போதுமாக இருக்கிறது என்று நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

"ஆனா பலன் இல்லாமப் போச்சே. புரதம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, போன தடவையைவிடப் பத்து மடங்கு. சிறுநீரகம் ரொம்பவே கெட்டிருக்கும்னு பயமா இருக்கு. இன்னைக்கே பாடாங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இந்த வருஷம் பயணத்தை மறந்துடுங்க."

ஷப்ரில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு திரும்பினார். பாதி திறந்திருந்த கதவு வழியாக வெளியே பெஞ்சு தெரிந்தது. நுர்பாய்த்தி புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீங்கிய பாதத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது.

ஒரு விஷயம்தான் தனக்குப் புரியவில்லை என்றாள் டாக்டர். நிகோட்டின் இலேசாகத் தெரிகிறது. பிடிக்கிற ஆளுக்கு இருக்கும் அளவு இல்லை. பிடிக்கிறவரோடு ஒரே அறையில் படுத்து எழுகிற ஆளுக்கு இருக்குமே, அந்த அளவு.

"உங்க வீட்டுல சிகரெட் பிடிக்கிற அந்தப் புண்ணியவான் யாருங்க ஐயா?"