படிப்பவருக்குக் கடலை மிட்டாய்

ஒருவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து, திரையில் கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் அது வெளியே போகவேண்டும். டீமில் இந்த விதியைக் கொண்டுவந்தவளே மாதங்கிதான். டீம் லீட் ஆன பிறகும் மற்றவர்கள் எழுதியதை அவள் வரிவரியாகப் படிப்பாள். அவள் அனுப்புவதற்கு மட்டும் கண் இமைப்பதற்குள் கட்டைவிரல்கள் உயர்ந்துவிடும். அன்று ஒரு நீண்ட நிரலின் நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக ஒரு வரியைச் சேர்த்தாள்: 'இதைப் படிப்பவருக்கு என் மேசையில் கடலை மிட்டாய் இருக்கிறது.' மிட்டாயைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த நாற்காலி நகர்ந்தாலும் நிமிர்ந்து பார்த்தாள். கட்டைவிரல்கள் உயர்ந்தன. யாரும் வரவில்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஜெனிட்டாவை நிறுத்தினாள். "இன்னிக்கு நான் அனுப்பினத பாத்தியா?"

"அப்பவே ஓகே குடுத்துட்டேனேக்கா."

"படிச்சியா?"

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். "நீங்க எழுதினதுல நான் என்னக்கா பாக்கறது? கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்." அந்த ஆபீசில் அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை. "மிட்டாய் யாருக்குக்கா?"

"உனக்குத்தான். எடுத்துக்கோ."

அவள் போனதும் மாதங்கி அந்த வரியை அழித்துவிட்டு நிரலை மறுபடி அனுப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், லிஃப்டுக்காக நின்ற ஜெனிட்டா மிட்டாயைக் கடித்தபடியே போனை எடுப்பது தெரிந்தது. திரையில் கட்டைவிரல் உயர்ந்தது.