கோபம் போதவில்லை

"கோபம் போதலைம்மா. ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க. இன்னொரு தடவை."

மாடி வீட்டுக்காரர் கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே சொன்னார். தையல் கடைக்காரி மறுபேச்சு பேசாமல் முஷ்டியை உயர்த்தி, "மூடாதே, மூடாதே!" என்று குரல் கொடுத்தாள். பின்னால் நின்றவர்கள், "மருத்துவமனையை மூடாதே!" என்று முடித்தார்கள்.

தெருமுனையில் இருக்கும் சின்ன மருத்துவமனையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று தொடங்கிய போராட்டம் அது. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் தெருவில் கூடிவிடுவார்கள். தையல் கடைக்காரிதான் தலைவி. பேருக்குத்தான் தலைவி, அதிகாரமெல்லாம் கேமராவிடம் இருந்தது.

மாடி வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எது கோணலாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. உயரமானவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளினார். பதாகை ஒரு பக்கம் சாய்கிறது என்று சைக்கிள் கடைக்காரரைத் திட்டினார். நேற்றுப் போட்ட சட்டையையே இன்றும் போட்டு வந்தால் படம் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டார். அந்த மனிதர் வீட்டுக்கு ஓடிப்போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

கடை திறக்க நேரமாகிறது என்று சைக்கிள் கடைக்காரர் முணுமுணுத்தார். தனக்கும் பள்ளிச் சீருடைகள் தைக்காமல் மலையாகக் கிடக்கின்றன, வாயை மூடிக்கொண்டு கத்துங்கள் என்றாள் தையல் கடைக்காரி.

கீழேயிருந்து எடுத்தால் கூட்டம் கூட்டமாகவே தெரியவில்லை, மொட்டைமாடியிலிருந்து எடுக்கப்போகிறேன், கைக்குட்டையை ஆட்டியதும் கத்துங்கள், அதுவரை யாரும் கையை இறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு மாடி வீட்டுக்காரர் படியேறினார்.

"பார்த்து ஏறுங்க சார்" என்றாள் அவள்.

எல்லோரும் உயர்த்திய கை உயர்த்தியபடி நின்றார்கள். அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். இந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். பாதையை மறிப்பவர்களைக் கலைத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். சத்தமே போடாமல் முஷ்டியை உயர்த்தி நிற்கும் கூட்டத்தை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுத் தையல் கடைக்காரியின் அருகில் வந்தார்.

"எதுக்கும்மா இந்தப் போராட்டம்? மருத்துவமனையை மூடலைன்னு போன வாரமே ஆர்டர் வந்தாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும் சார். மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள், உதடு அசையாமல்.

"தெரிஞ்சுமா?"

அவள் கையை இறக்கவில்லை. கண்ணை மட்டும் மொட்டைமாடிப் பக்கம் திருப்பினாள்.

"சம்சாரம் போனதிலேருந்து அந்த மனுஷன் ஜன்னலைக்கூடத் திறக்கலை. நாங்க கொண்டுபோய் வைக்கிற சாப்பாடு வாசல்லயே கிடந்து கெட்டுப்போகும். நாங்க போட்ட சத்தத்துலதான் முதல்ல எட்டிப் பார்த்தார். மறுநாள் முகத்தை மழிச்சுக்கிட்டுக் கேமராவோட இறங்கி வந்தார். ஜெயிச்சுட்டோம்னு எப்படி சார் அவர்கிட்ட போய்ச் சொல்றது?"

மொட்டைமாடியில் கைக்குட்டை ஆடியது. கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அதை நேராக மாட்டிக்கொண்டு கேட்டார்: "நான் லத்தியோட உங்களைத் துரத்துற மாதிரி ஒண்ணு எடுத்தா அவருக்குப் பிடிக்குமா?"