விலகல் உத்தரவு

"இந்த ஜாமீன் மனுவை விசாரிப்பதிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். அடிச்சாச்சா அம்மா?" என்றார் நீதிபதி.

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் பாதி வரியில் நின்றன. பதினோரு வருடங்களில் அப்படி நின்றதில்லை.

"ஏன் ஐயா? அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமா?"

"முகத்தைக்கூடப் பார்த்ததில்ல."

"அவன் வண்டியில அடிபட்டு இறந்தவர்?"

"அவரையும் தெரியாது."

"அப்ப நீங்களே விசாரிக்கலாமே. மனு பக்கத்து கோர்ட்டுக்குப் போயிடும். அந்த ஐயாவுக்குப் 'பூட்டு'ன்னே பேரு. இதுவரைக்கும் யாரையும் வெளியில விட்டதில்ல."

"தெரியும். ஆனா வேண்டியவங்க சம்பந்தப்பட்டா நீதிபதி ஒதுங்கிக்கணும். நியாயமாவே முடிவு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

"யாரையும் தெரியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

காலையில் அடித்த தாளை நீதிபதி அவர் பக்கம் நகர்த்தினார்.

"மனுதாரர் வயசைத் தேடி ஃபைலைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். நான் சொல்றதுக்குள்ள நீங்களே இருபத்து மூணுன்னு அடிச்சிட்டீங்க."

"தப்பா ஐயா?"

"ஃபைல்ல இருபத்திரண்டுதான் இருக்கு. பிறந்த தேதியைப் பார்த்தேன். நேத்துதான் இருபத்து மூணு ஆயிருக்கு."

டைப்பிஸ்ட் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க பையன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொன்னா விலகிடுவீங்களே ஐயா."

நீதிபதி காலைத் தாளை எடுத்து ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

"காரணம்னு என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போட வேண்டாம்."

மீதி வரியைப் பிழையில்லாமல் அடித்து முடித்து, தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார் அந்த அம்மா.